அரிசி மாவுப் பெருங்காயத்தூள்: சீலியாக் வீட்டுக்குச் சரிப்படுமா?

சாம்பாரில் கோதுமை எங்கிருந்து வரும் என்பவர்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிக்கட்டும். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் பிசினோடு மைதாவும் உண்டு. கால் டீஸ்பூன்தானே என்று விடமுடியாது. சீலியாக் என்பது கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் நோய்; அது உள்ளவருக்குச் சிறு அளவும் குடலைப் புண்ணாக்கும்.

அரிசி மாவு சேர்த்த தூள் நல்ல மாற்று. ஆனால் அரிசி மாவு என்பது மட்டும் போதாது, 'குளூட்டன் இல்லாதது' என்ற அறிவிப்பும் வேண்டும். இந்திய விதிப்படி அதற்குக் குளூட்டன் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். வெறும் 'உண்ணத்தக்க மாவு' என்றிருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள்.

எண்ணெய் புகைந்தால் தூள் கருகிக் கசக்கும். அடுப்பை அணைத்துவிட்டுத் தூவுங்கள். ஈரக் கரண்டி பட்டால் கட்டிதட்டும். சாம்பார் பொடியைக் கோதுமை அரைக்கும் மில்லில் கொடுத்தால், இதை வாங்கியதே வீண்.