மாயவரத்தில் வெளுத்த அரக்குப் பட்டு

விமானம், டாக்ஸி, திருக்கடையூர் கூட்டம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதையெல்லாம் விடுங்கள். அம்மாவின் அரக்குப் பட்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் ஊர் திரும்ப முடியாது.

அப்பாவின் எழுபது வயது பீமரத சாந்திக்கு நானே படம் எடுத்தேன். அறுபது படங்களைப் பொறுக்கி, பென்டிரைவில் போட்டு மாயவரத்தில் ஒரு லேபில் கொடுத்தேன். மறுநாள் வந்த பிரிண்டில் அரக்கு, நனைந்து காய்ந்த செங்கல் மாதிரி இருந்தது. வாழையிலை வெளிறிக் கிடந்தது. அம்மா கேட்டாள்: "இது யார் புடவைடா?"

ஸ்டுட்கார்ட்டில் நான் படம் கொடுக்கும் லேப், ஒவ்வொரு தாளுக்கும் ஐசிசி ப்ரொஃபைல் தரும்; எந்த எண் அந்தத் தாளில் எந்த நிறமாக வரும் என்று சொல்லும் கோப்பு அது. அதைப் போட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப்பில் வைத்து கன்ட்ரோல் ஒய் அழுத்தினால், தாளில் எப்படி வரும் என்று திரையிலேயே ஏறக்குறைய தெரிந்துவிடும். இங்கே கேட்டால், "அதெல்லாம் மெஷின் பாத்துக்கும் சார்."

எரிச்சலில் கம்ப்யூட்டரைக் காட்டச் சொன்னேன். பையன் மறுக்காமல் நாற்காலியை விட்டு எழுந்தான். கலர் செட்டிங்ஸைத் திறந்தால், ஆர்ஜிபி பாலிசி 'ஆஃப்'; படத்துக்குள் இருக்கும் ப்ரொஃபைலை மதிக்காதே என்று அர்த்தம். கீழே எச்சரிக்கை டிக்குகளும் இல்லை. "படம் திறக்கும்போதெல்லாம் ஒரு பெட்டி வந்து ஏதோ கேக்குதுண்ணே. தொந்தரவா இருக்குன்னு எடுத்துட்டோம்."

என் படங்கள் அடோப் ஆர்ஜிபி; படத்தின் எண்கள் எந்தெந்த நிறங்களைக் குறிக்கும் என்று சொல்லும் ஒரு நிறவெளி. 1996-இல் வந்த, எங்கும் புழங்கும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியைவிட அகலமானது, குறிப்பாகப் பச்சையில். உள்ளே இருக்கும் ப்ரொஃபைலைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே எண்களை எஸ்ஆர்ஜிபி என்று படித்தால் நிறம் செத்துத்தான் போகும். சரி, பாதித் தப்பு என்னுடையது. நானே எஸ்ஆர்ஜிபியாக மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். வெளிநாட்டுச் சொகுசு!

பாலிசியை மாற்றி, படத்தை மறுபடி திறந்தோம். பையன் 'அசைன்' பக்கம் போனான். தடுத்தேன். அசைன் செய்தால் எண்கள் அப்படியே இருக்கும், அவற்றுக்கான அர்த்தம்தான் மாறும். நிறத்தைக் காப்பாற்ற எண்ணை மாற்றுவது 'கன்வர்ட்'. இதை அவன் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். எனக்கு இரண்டு வருடம் ஆனது.

நாலுக்கு ஆறில் ஒன்று போட்டுப் பார்த்தோம். ட்யூப்லைட்டுக்குக் கீழே இன்னும் லேசாகப் பச்சை அடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கடைப் பெரியவர் படத்தை வாங்கிக்கொண்டு, "வாசலுக்கு வாங்க தம்பி" என்றார். வெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து நின்று, படத்தைச் சாய்த்துப் பிடித்தார். பச்சை காணாமல் போனது. ஸ்டுட்கார்ட்டில் இதற்கென்று 5000 கெல்வின் விளக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். முப்பத்தாறு படச் சுருளைக் கழுவக் கொடுத்த காலத்திலும் இவர் இதே படியில் நின்றுதான் பார்ப்பார்.

வீட்டில் அம்மா அதே பட்டின் ரவிக்கையை எடுத்துவந்து படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். "நிறம் அதேதான். ஆனா உங்கப்பா ஏன்டா எல்லாத்துலயும் கண்ண மூடிட்டிருக்கார்?"