பழைய நிக்கான் டி3500: சுங்கை பூலோவுக்குப் போதும், மெக்ரிச்சிக்குப் போதாது

பறவையும் நிலக்காட்சியும் படமெடுத்துப் பழக, முதல் டிஎஸ்எல்ஆராக இன்றும் தைரியமாகச் சொல்லக்கூடிய கேமரா நிக்கான் டி3500. 2018இல் வந்தது, 24 மெகாபிக்சல், நொடிக்கு 5 படம். நிக்கான் இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். சிங்கப்பூரில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

கூடவே வாங்க வேண்டிய லென்ஸ், தூரத்தை நெருக்கிக் காட்டும் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300. இதில் இரண்டு வகை உண்டு, வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். லென்ஸின் பெயரில் "விஆர்" (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) என்ற எழுத்து இருப்பதையே வாங்குங்கள். விஆர் இல்லாததை முழு ஜூமில், அதாவது 300 எம்எம்மில், மெதுவான ஷட்டர் வேகத்தில் கையில் பிடித்து எடுத்தால், அசையாமல் நிற்கும் கொக்குகூடக் கலங்கித்தான் விழும். டி90, டி7000 போன்ற பழைய நிக்கான் வைத்திருப்பவர்கள் இந்த லென்ஸை வாங்கவே வேண்டாம், அவற்றில் ஃபோகஸ் வேலை செய்யாது.

கடையிலேயே இரண்டு சோதனை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அடுத்து, லென்ஸின் திறப்பை எஃப்22க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் சென்சார் தூசு. சென்சாரை உதறித் தூசு தட்டும் வசதி இந்தக் கேமராவில் கிடையாது. மெனுவில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் புளோவரால் ஊதினால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் செலவு வேறு.

சுங்கை பூலோ சதுப்புநிலம்தான் இந்த ஜோடிக்கு ஏற்ற இடம். வலசைப் பறவைகள் வருவது செப்டம்பரிலிருந்து மார்ச் வரை. கடல் ஏற்றத்தில் வெளியே சேறு மூழ்கியதும் அவை உள்ளே குளங்களுக்கு வந்துவிடும், மறைவிடத்திலிருந்து 300 எம்எம் அப்போதுதான் எட்டும். ஆகவே கிளம்புமுன் கடல் ஏற்ற நேரத்தைப் பாருங்கள். காலை பத்து மணிக்குமேல் சேற்றுப் பரப்பிலிருந்து எழும் சூட்டில் தூரத்துப் பறவைகள் நெளியத் தொடங்கும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

அங்கே வைக்க வேண்டியவை: எஸ் மோட் (ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் வைப்பது), வேகம் 1/1600 நொடி, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உச்சம் 3200, ஏஎஃப்-சி (பறவையைத் தொடரும் ஃபோகஸ்), ஒற்றைப் புள்ளி. பதினொரு ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கு வகை (கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிப்பது), அதையே நம்புங்கள். எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோட் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: கேமராவில் சக்கரம் ஒன்றே ஒன்று. எம் மோடில் ± பட்டன் அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) மாற்றப் போய்விடும், வெளிச்சத் திருத்தத்துக்கு மெனுவுக்குள் நுழைய வேண்டும். எஸ் மோடில் அது விரலடியிலேயே இருக்கும், கொக்குக்கு அது அவசியம். கரும்பச்சைச் சதுப்பு மரங்களுக்கு முன் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால், காட்சி இருட்டு என்று கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். கழுத்து இறகின் மெல்லிய கோடுகள் அழிந்து, வெள்ளைத் தாளை ஒட்டியதுபோல ஆகிவிடும். -0.7 அல்லது -1 வைத்தால் இறகு இறகாகத் திரும்ப வரும்.

மெக்ரிச்சி காட்டுக்குள் கதை வேறு. 300 எம்எம்மில் இந்த லென்ஸின் அகலத் திறப்பே எஃப்6.3. அடர்ந்த நிழலில் ஐஎஸ்ஓ 3200 வைத்தும் சில இடங்களில் 1/60தான் கிடைக்கும், தலையைத் திருப்பும் பறவைக்கு அது போதாது. 1/250 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 12800க்குப் போக வேண்டும், நிறமெல்லாம் கரகரத்துவிடும். நீர்த்தேக்கக் கரையோடு நின்றுகொள்வது நல்லது.

நிலக்காட்சிக்கு, கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் போதும். மெர்லயன் பக்கமிருந்து மரினா பே சேண்ட்ஸை எடுக்க நல்ல நேரம், சூரியன் மறைந்து ஏறக்குறைய கால் மணி கழித்து. டிரைபாட் (முக்காலி), எஃப்8, ஐஎஸ்ஓ 100, ரா (சுருக்கப்படாத மூலக் கோப்பு), விஆர் நிறுத்தம். ரிமோட் கேபிள் செருக இடமில்லை, 2 நொடி டைமரைப் பயன்படுத்துங்கள். பக்கத்துப் பாலத்தின்மேல் டிரைபாடை ஊன்றாதீர்கள், ஒருவர் ஓடிப் போனாலே அதிரும். வெவ்வேறு வெளிச்சத்தில் தானாக மூன்று படம் எடுக்கும் வசதியும் இல்லை, கையால்தான் மாற்ற வேண்டும்.

இங்கே பலரைக் குழப்பும் ஒன்று: ஏஎஃப்-பி லென்ஸில் கையால் ஃபோகஸ் வைத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால், கேமராவின் மீட்டர் தூங்கிப்போகும். விழித்ததும் ஃபோகஸ் நகர்ந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் லைவ் வியூவில் (பின்திரையில்) பெரிதாக்கிச் சரிபார்த்தே அழுத்துங்கள்.

ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி வெளியே வைத்திருங்கள், அதுவரை லென்ஸைக் கழற்றவும் கூடாது. வீட்டில் டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி), ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. இரண்டாவது லென்ஸுக்குக் காசு சேர்ப்பவர்கள் முதலில் அந்தப் பெட்டியை வாங்குங்கள்.