உயரம் இறக்கிய காரின் பின்சக்கரம்: கேம் போல்ட்டா, ஆர்மா, ஷிம்மா?

காரின் உயரத்தை இறக்கியதும் பலர் முதலில் தேடிப்போவது பின்பக்கக் கேம்பர் ஆர்ம். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைதான் ஆர்ம், சக்கரம் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து நிற்கும் கோணம்தான் கேம்பர். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. டயரின் உள்விளிம்பு தேய்கிறது. அப்படியானால் சாய்வுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்), அப்புறம்தான் கேம்பர்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 635 மி.மீ. விட்டமுள்ள டயரில் 1 டிகிரி கேம்பர் என்றால் மேலுக்கும் கீழுக்கும் சுமார் 11 மி.மீ. வித்தியாசம். பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். அதே டயரில் 0.2 டிகிரி டோ என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் சுமார் 2 மி.மீ.தான். குனிந்து பார்த்தாலும் பிடிபடாது. ஆனால் அந்த 0.2 டிகிரியில் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும்போது, கணக்குப்படி மூன்றரை மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. கேம்பர் எடையை உள்விளிம்புக்குத் தள்ளுகிறது. டோ அந்த விளிம்பைச் சாலையில் அரைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வெளியே புதுசு போலத் தெரியும் டயரின் உட்பக்கம் கம்பி தெரியுமளவுக்குப் போய்விடும். உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒருமுறை உள்ளிருந்து வெளியே, மறுமுறை வெளியிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப்பல் மாதிரியும் இருந்தால் அது டோவின் வேலை.

எதையும் வாங்குவதற்கு முன் வண்டியின் பின்பக்கம் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டார்ஷன் பீம் என்றால் இரு சக்கரங்களும் ஒரே உத்திரத்தில் இணைந்திருக்கும். உயரத்தை இறக்குவதால் அங்கே கேம்பரும் டோவும் அதிகம் மாறாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி ஆர்மில் அசையும் மல்டிலிங்க், டபுள் விஷ்போன், செமி டிரெயிலிங் ஆர்ம் ஆகிய வகைகளில்தான் இறக்க இறக்கச் சாய்வு கூடும், கூடவே டோவும் நகரும்.

தொழிற்சாலைக் கேம் போல்ட்

தலையில் மையம் விலகிய வாஷர் கொண்ட போல்ட் இது. திருப்பினால் ஆர்மின் உள்முனை சில மி.மீ. உள்ளேயோ வெளியேயோ போகும். மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளில் பின்பக்கம் கேம்பர், டோ இரண்டுக்கும் இது உண்டு. 1990களின் ஹோண்டா சிவிக்கில் பின்பக்கம் டோவுக்கு மட்டும் வழி உண்டு, கேம்பருக்குக் கிடையாது.

வண்டியில் இது இருந்து, வீச்சும் போதுமானால், வேறு எதுவும் வேண்டாம் என்பேன். புஷ் (ஆர்மின் முனையில் உள்ள ரப்பர் மூட்டு) பழையதே, சத்தம் இல்லை, எந்த அலைன்மென்ட் பட்டறையிலும் திருப்பத் தெரியும். குறை ஒன்றுதான்: இது அசல் உயரத்தில் வரும் சின்னப் பிழைகளைத் திருத்த வைத்தது. மிதமாக இறக்கினால் சமாளிக்கும், அதற்கு மேல் போனால் கேம் ஒரு முனையில் முட்டி நின்றுவிடும். கீழே படுத்து டார்ச் அடித்து, வாஷரின் குறி கோடுகளுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கடைசிக் கோட்டுக்குப் போய்விட்டிருந்தால் பட்டறைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பழைய வண்டியில் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்ப முயன்றால் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். ஆகவே முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், கேம் இருந்த இடத்தைப் பெயின்டால் குறித்தும் வையுங்கள்.

நீளம் மாற்றும் ஆர்ம்கள்

அலச வேண்டியது அதிகம் இருப்பது இங்கேதான். கேம்பரைக் குறைக்க இரண்டு வழி: மேல் ஆர்மை நீட்டி சக்கரத்தின் தலையை வெளியே தள்ளலாம், அல்லது கீழ் ஆர்மைக் குறுக்கி அடியை உள்ளே இழுக்கலாம். கோணம் ஒன்றுதான், விளைவு வேறு. மேல் ஆர்மை நீட்டினால் டயரின் தோள் ஃபெண்டர் விளிம்பை நெருங்கும். உயரம் இறக்கிய வண்டியில் அந்த இடைவெளி ஏற்கெனவே விரல் நுழையாத அளவில்தான் இருக்கும். அகல டயர் போட்டவர்கள் பின்சீட்டில் ஆளை உட்காரவைத்துப் பார்க்காமல் இதைச் செய்யக் கூடாது. கீழ் ஆர்மைக் குறுக்கினால் ஃபெண்டர் தப்பிக்கும், ஆனால் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கொஞ்சம் குறையும்.

கீழ் ஆர்ம் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பல மல்டிலிங்க் வண்டிகளில் ஸ்பிரிங் உட்கார்வதே அதன்மேல்தான். பின்பக்க எடையைச் சுமப்பது அந்த ஆர்ம். மேல் ஆர்மோ பெரும்பாலும் பக்கவாட்டு இழுப்பை மட்டும் தாங்குகிறது. ஆகவே தெரியாத தயாரிப்பாளரின் மெல்லிய குழாய் ஆர்மை மேலே போட்டால்கூட ஓரளவு மன்னிக்கலாம், ஸ்பிரிங் சுமக்கும் இடத்தில் போடவே கூடாது. இரண்டும் சாத்தியமானால், ஃபெண்டர் இடம் தரும்வரை நான் மேல் ஆர்மைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஒரே ஒரு ஜோடி ஆர்முக்குத்தான் கையில் காசு என்றால்? டோவுக்கான கேம் முட்டி நிற்கும் வண்டியில் டோ ஆர்ம்தான் முதலில். கேம்பர் 2 டிகிரி நெகட்டிவ் (மேல்பகுதி உள்ளே சாய்ந்த) அளவில் இருந்தாலும் டோ சரியாக இருந்தால் டயர் பொறுத்துக்கொள்ளும். கேம்பரை அழகாக நிமிர்த்திவிட்டு டோவை அப்படியே விட்டால் பொறுக்காது. கேம்பரைத் திருத்தும்போது டோவும் இடம் மாறும் என்பதால், கேம்பர் ஆர்மை மட்டும் மாட்டிவிட்டு டோ பார்க்காமல் ஓட்டுவது முன்னைவிட மோசமாகக்கூட முடியலாம். பின்பக்கம் டோ-அவுட்டில் (சக்கரங்களின் முன்பகுதி வெளியே திரும்பி) நின்றால் வளைவில் வால் நிலைகுலையும், அது டயர்ச் செலவோடு முடிகிற விஷயம் இல்லை. சாலை வண்டிக்குப் பின்பக்கம் சிறிதளவு டோ-இன் (முன்பகுதி உள்ளே திரும்பியது) இருப்பதே நல்லது.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, மூட்டு. ரப்பர் அல்லது பாலியூரித்தேன் புஷ் அன்றாட ஓட்டத்துக்குப் போதும். உலோக ரோஸ் ஜாயின்ட் (பந்து மூட்டு) துல்லியமானது, ஆனால் தூசும் தண்ணீரும் புகுந்தால் கடகடக்க ஆரம்பிக்கும், அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு, திருகும் விதம். ஒருமுனை வலப்புரி, மறுமுனை இடப்புரி என்றால் வண்டியில் மாட்டிய நிலையிலேயே நடுக்குழாயைத் திருப்பி நீளத்தை மாற்றலாம். ஒரு முனையில் மட்டும் புரி என்றால் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி, அரைச்சுற்று திருப்பி, திரும்ப மாட்ட வேண்டும். இரண்டு மி.மீ. கணக்கு பார்க்கிற வேலையில் அது பெரிய தொல்லை. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது முதல் வகையை வாங்குங்கள்.

சின்ன வழிகள்

பின்பக்கமும் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் தூண்) இருந்தால் மெல்லிய, மையம் விலகிய கேம்பர் போல்ட்டை ஸ்ட்ரட்டின் துளையில் போடலாம். மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் அசலைவிட ஒல்லியான போல்ட் என்பதால் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்கி, சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குழியில் அடிபட்டு நழுவினால் கேம்பர் தானாக மாறிவிடும்.

மையம் விலகிய புஷ் சத்தமில்லாத நல்ல தீர்வு, ஆனால் பெரும்பாலும் அழுத்திப் பொருத்தினால் முடிந்தது, பிறகு நினைத்தபோது மாற்ற முடியாது. சிவிக் ஓட்டுபவர்கள் மேல் ஆர்மின் தாங்கிக்கும் பாடிக்கும் நடுவே வாஷர் போடுவது பழைய வழக்கம். வேலை செய்கிறது. இருந்தாலும் வாஷர் கனமாக ஆக போல்ட்டின் புரி உள்ளே பிடிக்கும் நீளம் குறைகிறது. நீளமான போல்ட் இல்லாமல் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

பிஎம்டபிள்யூ இ30 போன்ற செமி டிரெயிலிங் ஆர்ம் வண்டிகள் தனி ரகம். இறக்கினால் கேம்பரும் டோவும் சேர்ந்தே நகரும், சீர்செய்யத் தாங்கியில் துளையை நீட்டித் தகடு வைத்து வெல்டு அடிக்க வேண்டியிருக்கும். அதற்குக் கை தேர்ந்தவர் வேண்டும்.

பீம் என்றால் ஷிம்

டார்ஷன் பீம் வண்டிக்கு ஆர்மும் இல்லை, கேம் போல்ட்டும் இல்லை. பீமின் முனைக்கும் ஹப்புக்கும் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) நடுவே ஷிம் எனும் ஆப்பு வடிவ மெல்லிய தகடு வைப்பதுதான் வழி. வைக்கும் திசையைப் பொறுத்து கேம்பர், டோ இரண்டையும் ஒரே தகட்டில் திருத்தலாம். ஆனால் ஹப் நகர்ந்தால் பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா, ஏபிஎஸ் சென்சாரின் இடைவெளி சரியா என்று பார்க்க வேண்டும். பீம் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் அளவு பெரிதாக விலகியிருந்தால் உயரத்தைக் குறை சொல்லாதீர்கள். பீமோ ஹப் அச்சோ அடிபட்டு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். வளைந்ததை ஷிம் வைத்து மறைப்பது தப்பு.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் புது ஸ்பிரிங் போட்ட அன்றே அலைன்மென்ட் செய்யாதீர்கள். சில நாள் ஓட்டி அது படியட்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்களைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு, இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே கிடந்து கிழியும். எப்போதும் பின்சீட்டில் ஆள் ஏறும் வண்டியானால் அதே எடையோடு ஒருமுறை அளந்து பாருங்கள், வண்டி அமுங்கும்போது டோ எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

பட்டறையில் பின்பக்கக் கேம்பர் முதலில், பின்பக்க டோ அடுத்து, முன்பக்கம் கடைசி. அச்சிட்டுத் தரும் தாளில் பச்சை நிறத்தை மட்டும் பார்க்காமல் த்ரஸ்ட் ஆங்கிள் (பின்சக்கரங்கள் தள்ளும் திசை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து விலகும் கோணம்) என்ற வரியைத் தேடுங்கள். இடது, வலது டோ சமமாக இருந்தால் அது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். விலகியிருந்தால் பின்சக்கரங்கள் வண்டியை ஓரமாகத் தள்ளும், நேர்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். முன்பக்கத்தை எத்தனை முறை திருத்தினாலும் அது போகாது. பின்பக்க டோவை இரு பக்கமும் சமப்படுத்தித் தரும்படி கேளுங்கள்.