கொப்பியிலிருந்து கிளவுட்டுக்கு: ஹட்டன் கந்தோரில் சீஆர்எம், மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

எங்கள் தலைமைக் கந்தோர் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் இருக்கிறது. தலவாக்கலை, வெலிமடை, பண்டாரவளை ஆகிய மூன்று ஊர்களில் கிளைகள். மருந்தடிக்கும் மெஷின், புல்வெட்டும் மெஷின், நீர்ப்பம்பி விற்கிறோம். தவணைக்கும் கொடுக்கிறோம், பழுதும் பார்க்கிறோம். வாங்குபவர்களில் பாதிப்பேர் மரக்கறித் தோட்டக்காரர்கள், மற்றவர்கள் சிறுதோட்டத் தேயிலைக்காரர்களும் பெரிய தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே பக்கத்தில் கொஞ்சம் பயிர் வைப்பவர்களும். 2023 ஜனவரியில் இவர்கள் எல்லோருடைய விவரங்களையும் கிளவுட் சீஆர்எம் ஒன்றுக்கு, அதாவது வாடிக்கையாளர் விவரங்களை இணையத்தில் வைத்துப் பார்க்கும் மென்பொருள் ஒன்றுக்கு, மாற்றினோம். அந்த வேலையைப் பொறுப்பெடுத்தவன் நான். இதே வேலையைத் தொடங்கப் போகும் சின்னக் கம்பெனிக்காரர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எந்த சீஆர்எம் என்று சொல்லவில்லை. வேறொன்றை வாங்கியிருந்தாலும் எங்களுக்கு வந்த சிக்கல்களில் முக்கால்வாசி அப்படியே வந்திருக்கும். எல்லாம் எங்கள் தரவுக்குள்ளேயே பல வருடமாக இருந்தவை.

இந்த யோசனை 2021இல் வந்தது. இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திய நேரம். மரக்கறிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். யாரிடம் எங்கள் மெஷின் தவணையில் இருக்கிறது, யாருக்குக் கொஞ்சம் காலம் கொடுக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் பார்க்க எங்களிடம் வழி இருக்கவில்லை. ஹட்டனில் எக்செல், வெலிமடையில் பழைய பில் போடும் மென்பொருள், மற்ற இரண்டு கிளைகளிலும் நீளக் கொப்பி. சீஆர்எம் எடுக்கலாம் என்று முடிவு செய்து விலையும் கேட்டுவிட்டோம். ஆளுக்கு மாதம் இத்தனை டொலர் என்ற கணக்கு. அப்போது டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. 2022 மே மாதம் அது 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வேறு இல்லை. முதலாளி திட்டத்தை அப்படியே தள்ளி வைத்தார். இப்போது யோசித்தால் அந்தத் தாமதம் எங்களுக்கு நல்லது செய்தது என்றே சொல்வேன். காசு கட்டாமல் தரவைச் சுத்தம் செய்ய எட்டு மாதம் கிடைத்தது.

அந்த எட்டு மாத வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

முதல் பிரச்சினை பாமினி. இலங்கையில் தமிழில் கணினி வேலை செய்த யாருக்கும் இந்த எழுத்துரு தெரியும். பாமினியில் எழுதியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் ஒன்றும் புரியாது. இதை யூனிகோடுக்கு, அதாவது உள்ளேயும் தமிழாகவே பதிவாகும் முறைக்கு, மாற்றப் பல கருவிகள் இருப்பதால் ஒரு நாள் வேலை என்று நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் எக்செல்லில் ஒரே நிரலில் பாதிப் பெயர் பாமினியிலும் பாதி ஆங்கிலத்திலும் இருந்தது. சீஎஸ்வீ கோப்பாக (காற்புள்ளியால் நிரல் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்ததும் எழுத்துரு விவரம் போய்விடும். அப்புறம் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று எந்தக் கருவியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முழுக் கோப்பையும் மாற்றிப் பார்த்ததில் ஆங்கிலத்தில் இருந்த பெயர்களெல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிட்டன. நல்லவேளை, பிரதி இருந்தது. பிறகு எக்செல்லிலேயே எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினிக் கட்டங்களை மட்டும் தனி நிரலுக்கு எடுத்து மாற்றினோம். சிங்களப் பெயர்களிலும் பழைய எழுத்துருக்களால் இதே கதை. அதை வெலிமடைக் கிளையின் சிங்களத் தம்பி ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

வெலிமடை மென்பொருளிலிருந்து வந்த கோப்பில் இன்னொரு விநோதம். இராகலை முகவரிகள் எல்லாமே ஒரு நிரல் தள்ளிப் போயிருந்தன. தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஊர், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது: பாமினியில் ‘இ’ என்ற எழுத்து இருப்பது காற்புள்ளியின் இடத்தில். அந்த மென்பொருள் மேற்கோள்குறி போடாமல் காற்புள்ளியால் நிரல் பிரித்து எழுதியிருந்தது. அதனால் இராகலை, இராமையா, இந்திராணி என்று ‘இ’ வந்த இடமெல்லாம் ஒரு நிரல் உடைந்தது. அரைப்புள்ளியும் அப்படித்தான். பாமினியில் அது மெய்யெழுத்தின் புள்ளி; பல சீஆர்எம்களில் ஒரே கட்டத்துக்குள் பல தெரிவுகளைப் பிரிக்கும் குறி. ஆகவே யூனிகோடுக்கு மாற்றாமல் எதையும் உள்ளே ஏற்றிப் பார்க்காதீர்கள்.

அடுத்தது ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை பதிவாகியிருந்தது. லட்சுமி ஒரு கிளையில் லெட்சுமி, இன்னொன்றில் லெச்சுமி. ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நாலு விதம். பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அடையாள அட்டை இலக்கம் கைகொடுத்தது. ஆனால் அதிலும் பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த அட்டையில் 12 இலக்கம். பழைய அட்டையை மாற்றியவர் இரண்டு ஆளாகத் தெரிவார். பழைய இலக்கத்தின் முன்னால் 19 போட்டு, அதன் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் புதிய இலக்கம் வந்துவிடும். எக்செல்லில் ஒரு வரிச் சூத்திரம். இன்னொரு வசதியும் உண்டு. பிறந்த வருடத்துக்கு அடுத்த மூன்று இலக்கம் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும்; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். மனைவி பெயருக்கு நேரே கணவரின் இலக்கம் எழுதப்பட்டிருந்த இடங்களை இதை வைத்தே பிடித்தோம்.

தொலைபேசி இலக்கத்தை வைத்து ஆட்களைச் சேர்த்தது நான் செய்த பெரிய பிழை. எக்செல் முன்னால் இருந்த பூச்சியத்தைத் தின்றுவிட்டதையெல்லாம் சரி செய்து, ஒரே இலக்கம் உள்ளவர்களை ஒன்றாக்கச் சொல்லி சீஆர்எம்மில் பொத்தானை அழுத்தினேன். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு குடும்பத்துக்கு ஒரு போன்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? நானும் அந்த லயத்தில் வளர்ந்தவன்தான். அப்பா, மகன், மருமகள் மூவரும் ஒரே ஆளாகி, மூவரின் தவணையும் ஒரே கணக்கில் விழுந்தது. ஒன்றாக்கியதைத் திரும்பப் பிரிக்க அங்கே வழி இல்லை. கொப்பியைப் பார்த்துக் கையாலேயே பிரித்தோம். மூன்று வாரம் போனது.

பெயர்க் கட்டத்தையும் சொல்ல வேண்டும். சீஆர்எம்மில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம், குடும்பப்பெயர் கட்டாயம். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பா பெயரை அங்கே போட்டேன். மாற்றிய இரண்டாம் மாதம் தவணை நினைவூட்டும் எஸ்.எம்.எஸ். தானாகப் போகத் தொடங்கியது. மஸ்கெலியாப் பக்கத்து அம்மா ஒருவர் கிளைக்கே வந்துவிட்டார். அவருக்கு வந்த செய்தி, செத்துப்போய் இருபது வருடமான அவருடைய தகப்பனாரின் பெயரைச் சொல்லிக் காசு கட்டச் சொன்னது. அவர் சத்தம் போடவில்லை. “என் அப்பா உங்களிடம் ஒன்றும் வாங்கவில்லையே, தம்பி” என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கே அத்தனை பேரின் சொந்தப் பெயரையும் கட்டாயக் கட்டத்துக்கு மாற்றி, முதலெழுத்துகளை மற்றக் கட்டத்தில் வைத்தோம். ஏற்றுவதற்கு முன் பத்துப் பேரின் செய்தியைப் போனில் வரவழைத்து வாசித்திருந்தால் இது நடந்திருக்காது. நீங்கள் அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

நேர வலயத்தைச் சரியாக வைக்காததால் திகதிகள் ஒரு நாள் பின்னால் போனது, நாளும் மாதமும் இடம் மாறியது போன்றவை எல்லோருக்கும் வரும். சோதனைக்கு ஐம்பது பேரை மட்டும் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த நாளில் மாறுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. தவணைக் காசு வருவது அதற்குப் பிறகு வரும் ஒரு வாரத்தில். எங்களுக்கு ஆலோசனை சொன்ன கொழும்புக்காரர் மாத நடுப்பகுதி வசதி என்றார். தலவாக்கலைக் கிளையில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதும் அக்கா, “அந்த வாரத்தில் புதிதாக எதையும் தொட்டால் நான் வேலையை விட்டுவிடுவேன்” என்றார். 25ஆம் திகதிக்குப் பிறகு மாறினோம்.

அந்த அக்காவைப் பற்றி இன்னும் கொஞ்சம். கொப்பியின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதி வைத்திருந்த குறிப்புகள் ஏராளம். ‘மேற்பிரிவு, பிள்ளையார் கோயில் பின்பக்க வீடு.’ ‘மகன் கொழும்பில், அவர்தான் கட்டுவார்.’ ‘மாலையில் மட்டும் பேசவும்.’ இவற்றுக்குச் சீஆர்எம்மில் கட்டம் இல்லை. ஏற்றத் தேவையில்லை என்றுதான் ஆலோசகர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம்கூடத் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஒரு பெயரும் ஊர் வாயில் இன்னொரு பெயரும் இருக்கும். அந்தப் பென்சில் வரிகள் இல்லாவிட்டால் எங்கள் மெக்கானிக் தம்பி வீட்டையே கண்டுபிடிக்க மாட்டான். அக்கா வாசிக்க வாசிக்க நாங்கள் இரண்டு பேர் அடித்து எல்லாவற்றையும் குறிப்புப் பகுதியில் ஏற்றினோம். மூன்று வருடத்தில் அதிகம் திறந்து பார்க்கப்படும் பகுதி அதுதான்.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், பெரும்பாலும் திருப்தி. வெலிமடையில் வாங்கிய மெஷினுக்கு ஹட்டனில் உத்தரவாதம் பார்ப்பது அரை நிமிட வேலை. செலவைக் குறைக்க முதல் வருடம் இரண்டு பேருக்கு ஒரு கணக்கு என்று வைத்திருந்தோம். யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாமல் வீண் மனஸ்தாபம் வந்தது. இப்போது ஆளுக்கொரு கணக்கு. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்த பிறகு, யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் குறுக்கினோம். அடையாள அட்டை இலக்கம் இப்போது எல்லார் திரையிலும் தெரியாது.

போன் செயலி அரைகுறைதான். பள்ளத்தாக்குத் தோட்டங்களில் சிக்னல் இல்லை. இணைப்பு இல்லாமல் எழுதியதை ரோட்டுக்கு வந்ததும் அது ஏற்றும்போது, இடையில் கந்தோரில் நாங்கள் மாற்றியதை அழித்துவிடும். தம்பிமார் இப்போது துண்டில் எழுதிப் படம் எடுத்துச் சேர்க்கிறார்கள். சிலர் குரலால் தமிழில் சொல்லி அடிக்கிறார்கள். கூகுள் விசைப்பலகையில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தனியாகவே இருப்பது நன்றாக உதவுகிறது.

கிளவுட் தேவையா என்று எங்கள் முதலாளிக்கு அண்மைக்காலம் வரை ஒரு சந்தேகம் இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மண்சரிவில் பாதைகள் அறுந்து, கந்தோருக்கு யாராலும் வர முடியவில்லை. கரண்ட் வந்து போன் சார்ஜ் ஏறியதும் நான் முதலில் செய்தது, டிசம்பர் பத்தாம் திகதிக்குப் பிறகு தானாகப் போகவிருந்த தவணைச் செய்திகளை நிறுத்தியது. வீட்டை இழந்தவருக்கு எங்களிடமிருந்து அப்படி ஒரு செய்தி போகக் கூடாது. பிறகு பாதிக்கப்பட்ட பகுதிகளைப் பிரித்தெடுத்து, நாலு ஊர்க்காரர்களும் வீட்டிலிருந்தே ஒவ்வொருவராக அழைத்தோம். போன் எடுக்காதவர்களுக்குக் குறிப்புப் பகுதியைப் பார்த்தோம்: கொழும்பு மகன், பக்கத்து லயத்து அண்ணன், கோயில் பூசாரி ஐயா. பெரும்பாலானவர்களைப் பற்றி அப்படித்தான் தகவல் கிடைத்தது.

அந்த வாரம் தலவாக்கலை அக்கா என்னை அழைத்து ஒரு புதுக் கட்டம் போடச் சொன்னார். ‘இப்போது தங்கியிருக்கும் இடம்.’ போட்டுக் கொடுத்தேன். பாடசாலை, உறவினர் வீடு, கோயில் மண்டபம் என்று அவரே ஒவ்வொன்றாக நிரப்பினார். சிலருக்கு அந்தக் கட்டம் இன்னும் மாறவில்லை. மாதம் ஒரு தடவை அவர் அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.