மீன் துள்ளும் நேரம்: நாடியா, வாட்சா, ஹோல்டரா?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் என் மாமாவுக்கு விடியற்காலை நாலரை மணி வாக்கில்தான் படபடப்பு வரும். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஐம்பது மரம் வெட்டியிருப்பார். நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல இரண்டு நிமிடம், அப்புறம் ஒன்றுமில்லை. பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்தால் சுத்தமாக இருக்கும். இப்படி மூன்று முறை.

ஈசிஜியைக் குறை சொல்ல முடியாது. இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிற கருவி அது; ஆனால் வழக்கமாகப் பதிவாவது 10 விநாடி. கோளாறு அதற்குள் வந்தால் அதை மிஞ்ச வேறொன்றும் கிடையாது. வராவிட்டால், 'அந்த நேரம் நன்றாக இருந்தது' என்பதற்கு மட்டுமே சாட்சி. அதனால் துல்லியத்தைக் கேட்பதற்கு முன்னால், மீன் துள்ளும் நேரத்தில் கருவி உடம்பில் இருக்குமா என்று கேட்கவேண்டும்.

எப்போதும் உடம்போடு இருப்பது மணிக்கட்டு நாடி. இரண்டு விரலை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வில் 60 முதல் 100 வரை சாதாரணம். தூத்தூர் பக்கம் தினமும் பந்து விளையாடும் பையனுக்கு 50 இருந்தாலும் பதற வேண்டாம். எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனியுங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு விட்டுப் பிடிப்பது பலருக்கும் உண்டு. எந்தத் தாளத்துக்கும் அடங்காமல் ஓடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அதில் இதயத்தின் மேலறைகள் சுருங்குவதற்குப் பதிலாக நடுங்கும், ரத்தம் தேங்கி உறையும், பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்காகும். விரலுக்கும் ஒரு குறை உண்டு: அந்த நேரத்தில் பலவீனமான துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டாது. இதயம் 130 அடிக்கையில் விரலுக்கு 100தான் கிடைக்கும்.

கொரோனா நேரத்தில் வாங்கி டிராயரில் போட்ட ஆக்சிமீட்டர் துடிப்பின் எண்ணைச் சொல்லும், கோளாறு என்னவென்று சொல்லாது. விரல் குளிர்ந்திருந்தால் எண்ணே தப்பலாம். பிபி மெஷினை நாம் குறைத்து மதிக்கிறோம். துடிப்பு ஒழுங்கில்லை என்று பல மெஷின்கள் ஒரு குறி காட்டும். கையை அசைத்தாலும் அது வரும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து மறுபடி பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் ஈசிஜிக்குப் போகலாம்.

உண்மையான போட்டி வாட்சுக்கும், நாள் கணக்கில் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவிக்கும்தான். மலிவான வாட்ச், தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தைப் பச்சை வெளிச்சத்தில் பார்த்து ஊகிக்கிறது. கத்தியோடு மணிக்கட்டு ஆடிக்கொண்டே இருந்தால் ஊகம் தடுமாறும். ஈசிஜி உள்ள வாட்ச் வேறு ரகம், ஆப்பிள் 2018இல் கொண்டுவந்தது. மறுகை விரலை 30 விநாடி வைத்தால் ஒற்றை லீட் கோடு, அதாவது ஒரே கோணத்தில் எடுத்த ஈசிஜி, கிடைக்கும். அதை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஹோல்டர் நெஞ்சில் ஒட்டி 24 அல்லது 48 மணி நேரம் ஒரு துடிப்பு விடாமல் பதியும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. குளிக்க முடியாது, அரிக்கும். மாமாவுக்கு முதல் தடவை மாட்டிவிட்டபோது 'ரெஸ்ட் எடுங்க' என்று யாரோ சொல்லியனுப்ப, அவரும் திண்ணையில் உட்கார்ந்தே கழித்தார். ரிப்போர்ட் சுத்தம், பணம் போனது. அடுத்த தடவை மாட்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போனார். வேர்வையில் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒரு எலக்ட்ரோடு கழன்றது, அத்தை பிளாஸ்திரி ஒட்டினாள். நோட்டில் '4.40, மீன்' என்று எழுதியிருந்தார். கோட்டிலும் அதே நேரத்தில் கூடுதல் துடிப்புகள் வரிசையாக நின்றன. இதயத்தின் எக்கோ ஸ்கேனும் தைராய்டும் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

படபடப்பு மாதத்துக்கு ஒரு தடவைதான் என்றால் ஹோல்டரும் வீண். இரண்டு வாரம் வரை ஒட்டியிருக்கும் பேட்ச் உண்டு; காரணம் தெரியாமல் மயங்கி விழுகிறவர்களுக்குத் தோலுக்கடியில் வைத்து மூன்று வருஷம் வரை கண்காணிக்கும் லூப் ரெக்கார்டர் உண்டு. அந்த அளவுக்குப் போகிறவர்கள் இங்கிருந்து பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

பஹ்ரைனிலிருந்து மச்சான் ஈசிஜி வாட்ச் ஒன்று அனுப்பினான். ரப்பர் பால் பட்டால் போகாது என்று மாமா அதைப் பீரோவில் வைத்திருக்கிறார். மீன் துள்ளினால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாடியைப் பிடித்துக்கொள்கிறார்.