கேன்சல் ஆன கனெக்‌ஷனைப் பூலுக்குத் திருப்பாதீர்கள்: அசின்க் சாக்கெட்டுக்கு மாறிய பின் நெடுநாள் அனுபவம்

பைத்தானில் எழுதிய பழைய நெட்வொர்க் கிளையன்ட் ஒன்றை, ஒரே த்ரெட்டில் பல காத்திருப்புகளைக் கவனிக்கும் அசின்க்ஐஓ லைப்ரரிக்கு மாற்றலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். நான் அந்த வேலையை முடித்து, மாற்றிய கிளையன்டை வைத்து நெடுநாள் ஓட்டியும் ஆயிற்று. அவர் கேட்ட சமயத்தில்தான் அதில் ஒரு பழுது பார்த்து முடித்திருந்தேன். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். சொல்வதை மட்டும் நிதானமாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

ஈவென்ட் லூப் (டாஸ்க் என்னும் தனித்தனி வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் சுழற்சி) என்றால் என்ன, அவெய்ட் (டாஸ்க் நின்று காத்திருக்கும் இடம்) எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். பழைய அமைப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு த்ரெட், அதற்குள் ஒரு பிளாக்கிங் சாக்கெட், அதாவது தரவு வரும் வரை அந்த த்ரெட்டையே நிறுத்தி வைக்கும் இணைப்பு. ஒவ்வொரு செய்தியிலும் முன்னால் நான்கு பைட் நீளம், பின்னால் பேலோட், அதாவது உள்ளடக்கம். புதிய அமைப்பில் ஒரே த்ரெட், படிக்க ஸ்ட்ரீம்ரீடர், எழுத ஸ்ட்ரீம்ரைட்டர், எல்லா டாஸ்க்கும் எடுத்துப் பயன்படுத்தித் திருப்பித் தரும் ஒரு கனெக்‌ஷன் பூல்.

வேகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேகத்துக்காக மாற்றாதீர்கள். சர்வர் பதில் தர எடுத்துக்கொள்ளும் நேரம் அப்படியேதான் இருக்கும். ஒரு கேள்வி அனுப்பி ஒரு பதில் வாங்குவதுதான் வேலை என்றால் பிளாக்கிங் சாக்கெட்தான் குறுக்கு வழி. அங்கே நடுவில் லூப்பும் கிடையாது, டாஸ்க்கும் கிடையாது. நூற்றுக்கணக்கான கனெக்‌ஷன்கள் பெரும்பாலான நேரம் காத்துக்கொண்டே கிடக்கும் இடத்தில்தான் அசின்க் தன் மதிப்பைக் காட்டும். எந்த இணைப்பில் தரவு வந்தது என்று சொல்ல லினக்ஸில் ஈபோலையும் மேக்கில் கேக்யூவையும் பைத்தான் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், அதே வேலையைச் செய்யும் பழைய செலக்டின் 1024 வரம்பு குறுக்கே வராது. இந்த வகையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் டைம்அவுட், அதாவது காத்திருப்புக்கு வைக்கும் கெடு. இதற்காகவே இவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்கலாம் என்று பல முறை தோன்றியிருக்கிறது.

பிளாக்கிங் சாக்கெட்டில் செட்டைம்அவுட்டுக்கு 10 கொடுத்தால் மொத்த வேலையும் 10 விநாடிக்குள் முடியும் அல்லது பிழை வரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பதில் படிக்கும்போது ஒவ்வொரு ரெசீவ் அழைப்புக்கும் தனித்தனியாக 10 விநாடி. எதிர்முனை 9 விநாடிக்கு ஒரு பைட் என்று சொட்டு சொட்டாக அனுப்பினால், 100 பைட் பதில் வந்து சேர 900 விநாடி ஆகும். கால் மணி நேரம் போயும் டைம்அவுட் ஒரு முறைகூட எழாது. இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே கெடுவைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ரெசீவுக்கும் முன்னால் மீதி நேரத்தைக் கழித்துப் பார்த்து, அந்த மீதியை எல்லா ஃபங்ஷனுக்கும் கை மாற்றிக்கொண்டே போக வேண்டும். கனெக்ட், டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (மறையாக்கத்துக்கான தொடக்கப் பேச்சு) எல்லாவற்றுக்கும் இதே கதை. பெயரிலிருந்து முகவரி தேடும் கெட்அட்ரஸ்இன்ஃபோவுக்கோ செட்டைம்அவுட் செல்லவே செல்லாது.

டைம்அவுட் வைக்காமல் விட்டால் இன்னும் மோசம். லினக்ஸில் எந்தப் பதிலும் வராத முகவரிக்குக் கனெக்ட் செய்தால், இயல்பு அமைப்பில் அது கைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். கனெக்‌ஷன் கிடைத்த பிறகு, நாம் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எதிர்முனை மின்சாரம் போய்ச் செத்துவிட்டால் அந்தச் செய்தி நமக்கு வராமலே போகலாம். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் போட்டிருந்தாலும், இயல்பு அமைப்பில் முதல் சோதனை 7200 விநாடிக்குப் பிறகுதான்.

பைத்தான் 3.11, அதாவது 2022 அக்டோபர் பதிப்பு, அசின்க்ஐஓ.டைம்அவுட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அசின்க் வித் போட்டு ஒரு வரி. கனெக்ட், ஹேண்ட்ஷேக், எழுதுவது, படிப்பது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். 10 விநாடி என்றால் எல்லாம் சேர்த்து 10 விநாடி. கெடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வரிகளையெல்லாம் அழித்தபோது கோடு (நிரல்) பாதியாகச் சுருங்கியது போல இருந்தது. படிக்கிறவருக்கும் என்ன நடக்கிறது என்று உடனே புரியும். சொட்டு சொட்டாக அனுப்பும் சர்வரால் இப்போது யாரையும் கட்டிப்போட முடியாது.

இதிலும் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. முகவரி தேடுவதை அசின்க்ஐஓ பின்னால் ஒரு த்ரெட் பூலில்தான் ஓட்டுகிறது. டைம்அவுட் ஆனால் நமக்குப் பிழை நேரத்துக்கு வந்துவிடும், ஆனால் அந்த த்ரெட் தன் போக்கில் தேடிக்கொண்டேதான் இருக்கும். அந்த த்ரெட் பூலின் இயல்பு அளவு சிபியு எண்ணிக்கையோடு 4, அதிகபட்சம் 32. பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் படுத்துவிட்டால் இத்தனை த்ரெட்டும் நிரம்பி, அடுத்த தேடல்கள் வரிசையில் நிற்கும். அப்போது வேறு காரணமே தெரியாமல் எல்லா கனெக்‌ஷனும் டைம்அவுட் ஆகும். இதைத் தெரிந்து வைத்திருந்தால் லாகைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை.

அப்புறம், எரிச்சலுக்கு வருகிறேன். மேலே புகழ்ந்தேனே, அந்த டைம்அவுட்தான் எரிச்சலுக்கும் மூலம்.

டைம்அவுட் ஆகும்போது உள்ளே நடப்பது கேன்சல். எந்த அவெய்ட்டில் டாஸ்க் நின்றுகொண்டிருக்கிறதோ அங்கேயே கேன்சல்ட்எரர் வந்து விழும். எந்த அவெய்ட் என்பது நம் கையில் இல்லை. சாதாரணக் கணக்குப் போடும் ஃபங்ஷனில் இது ஒரு பொருட்டே அல்ல. கனெக்‌ஷன் பூலில் இது விஷம்.

நெருக்கமாகப் பார்ப்போம். கேள்வி 41 போகிறது. கிளையன்ட் நான்கு பைட் நீளத்தைப் படித்துவிட்டது. பேலோடுக்காக ரீட்எக்ஸாக்ட்லியில் (கேட்ட அளவு பைட் முழுதாக வரும் வரை படிப்பது) காத்திருக்கும்போது கேன்சல் ஆகிறது. பூலை எழுதியவர் நல்ல எண்ணத்தோடு ஃபைனலியில் (வேலை எப்படி முடிந்தாலும் ஓடும் பகுதி) கனெக்‌ஷனைப் பூலுக்குத் திருப்பிவிடுகிறார். அடுத்து வந்த டாஸ்க் கேள்வி 42ஐ அதே கனெக்‌ஷனில் அனுப்பிவிட்டு நான்கு பைட் நீளம் படிக்கிறது. கிடைப்பது 41இன் பேலோடில் முதல் நான்கு எழுத்து. அதை நீளம் என்று எடுத்துக்கொண்டால் 100 கோடியைத் தாண்டும் எண் வரும். அத்தனை பைட்டும் வரும் என்று காத்திருந்து, இதுவும் டைம்அவுட் ஆகும்.

இது நல்ல வகை. சத்தம் போட்டு உடைகிறது, கண்டுபிடித்துவிடலாம்.

கெட்ட வகை எதுவென்றால், கேள்வி முழுதாக அனுப்பியாகிவிட்டது, பதிலில் ஒரு பைட்கூடப் படிக்கவில்லை, அந்த நேரத்தில் கேன்சல். கொஞ்சம் கழித்து 41இன் பதில் முழுதாக வந்து பஃபரில் (படிக்காத தரவு தங்கும் இடம்) உட்கார்ந்துகொள்கிறது. 42 கேட்டவருக்கு 41இன் பதில் கிடைக்கும். 43 கேட்டவருக்கு 42இன் பதில். நீளம் சரி, வடிவம் சரி, எந்த எக்செப்ஷனும் இல்லை. வகுப்பில் பெயர் வாசிக்கும்போது ஒருவன் ஒரு பெயர் தள்ளி ‘உள்ளேன் ஐயா’ சொல்லி, அவனுக்குப் பின்னால் எல்லாரும் ஒன்று தள்ளியே சொல்லிக்கொண்டு போவது மாதிரி. பதிவேட்டைப் பார்த்தால் எல்லாரும் வந்திருக்கிறார்கள்.

இது ஏதோ கற்பனையில் வரும் ஆபத்து இல்லை. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தது. சிலருக்கு வேறொருவருடைய உரையாடல்களின் தலைப்புகள் தெரிந்தன. ஓபன்ஏஐ வெளியிட்ட விளக்கம் காரணமாகச் சொன்னது ரெடிஸ் தரவுத்தளத்தோடு பேசும் ரெடிஸ்-பை லைப்ரரியில், அசின்க்ஐஓவோடு பயன்படுத்தும்போது எழும் ஒரு பிழையை. கேள்வி வரிசைக்குள் போன பிறகு, பதில் எடுக்கப்படும் முன் கேன்சல் ஆனால் கனெக்‌ஷன் கெட்டுவிடுகிறது, அடுத்து அதைப் பயன்படுத்தும் கேள்விக்கு முந்தையவரின் பதில் போகிறது. பெரும்பாலும் தரவு வகை பொருந்தாமல் பிழையாக வெடித்தது, வகை பொருந்திய இடங்களில் அடுத்தவர் தரவு அப்படியே கைமாறியது. அன்று சர்வரில் செய்த ஒரு மாற்றம் கேன்சல்களை அதிகமாக்கியதுதான் இத்தனை நாள் மறைந்திருந்ததை வெளியே கொண்டுவந்தது. இத்தனை பேர் பயன்படுத்தும் லைப்ரரியிலேயே இது ஒளிந்திருந்தது என்றால், நாம் எழுதும் கிளையன்டில் இருக்காது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நியாயமாகச் சொன்னால் பிளாக்கிங் கோடிலும் இந்தப் பிழை வரலாம். டைம்அவுட் ஆன சாக்கெட்டை மூடாமல் திரும்பப் பயன்படுத்தினால் அதே கதிதான். ஆனால் அங்கே எக்செப்ஷன் எழுவது நாம் எழுதிய ரெசீவ் வரியில், நாம் எதிர்பார்த்த வகையில். நெட்வொர்க் கோடு எழுதுபவர் யாரும் அந்த இடத்தில் சாக்கெட்டை மூடிவிடுவார். அசின்கில் கேன்சல் எங்கோ மேலிருந்து வருகிறது. அழைத்தவரின் அழைத்தவர் வைத்த டைம்அவுட்டாக இருக்கலாம், டாஸ்க்குரூப்பில் (ஒரு டாஸ்க் தோற்றால் மற்றவற்றையும் நிறுத்தும் கூட்டம்) பக்கத்து டாஸ்க் தோற்றதால் வந்ததாக இருக்கலாம். கனெக்‌ஷன் கோடு எழுதியவருக்கு அது கண்ணிலேயே படாது.

இன்னொன்று. பைத்தான் 3.8 முதல் கேன்சல்ட்எரர் எக்செப்ஷன் வகையிலிருந்து விலகி, நேராக பேஸ்எக்செப்ஷனின் கீழ் போய்விட்டது. எக்செப்ட் எக்செப்ஷன் என்று எழுதினால் அது சிக்காது. கேன்சலை யாரும் தெரியாமல் விழுங்கிவிடக்கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம், சரியான மாற்றம்தான். ஆனால் பழைய கோடில் “பிழை வந்தால் சாக்கெட்டை மூடு” என்பது எக்செப்ட் எக்செப்ஷனுக்குள் இருந்தால், அசின்குக்கு மாற்றிய பிறகு கேன்சலின்போது அந்த மூடும் வரி ஓடவே ஓடாது. வரிக்கு வரி அவெய்ட் சேர்த்துக்கொண்டே போகும் மாற்றத்தில் இது அப்படியே தப்பிப் பிழைத்துவிடும். ரிவ்யூவில் பார்த்தாலும் கோடு பழையது போலவே ஒழுங்காகத் தெரியும்.

நான் பழுது பார்த்த விதம் இது. கேள்வியின் முதல் பைட்டை எழுதும் முன்பே கனெக்‌ஷனை அழுக்கு என்று குறித்துவிடுவது. பதில் கடைசி பைட் வரை படித்து முடித்த பிறகே அந்தக் குறியை எடுப்பது. ஃபைனலியில் குறி இன்னும் இருந்தால் டிரான்ஸ்போர்ட்.அபார்ட் செய்து அறுத்துவிடுவது, இல்லையென்றால் மட்டும் பூலுக்கு. குளோஸ் செய்துவிட்டு, மூடி முடியும் வரை காத்திருக்கும் வெயிட்_குளோஸ்டை அவெய்ட் செய்வதில்லை, ஏனென்றால் ஃபைனலிக்குள் இருக்கும் அவெய்ட்டிலும் இன்னொரு கேன்சல் வந்து விழலாம். அபார்ட் சாதாரண ஃபங்ஷன், அழைத்தால் வேலையை ஆரம்பித்துவிட்டு உடனே திரும்பும்.

ஒவ்வொரு கேன்சலுக்கும் ஒரு கனெக்‌ஷன் போகிறது, புதிதாக ஹேண்ட்ஷேக் செய்ய வேண்டியிருக்கிறது. செலவுதான், ஆனால் கொடுக்க வேண்டிய செலவு. ப்ரோட்டோகாலில் கேள்விக்கு எண் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். கனெக்‌ஷனுக்கு ஒரே ஒரு படிக்கும் டாஸ்க், எண்ணுக்கு ஒரு ஃபியூச்சர், அதாவது பின்னால் வரும் பதிலுக்கான காலி இடம். கேட்டவர் கேன்சல் ஆனால் அவருடைய ஃபியூச்சர் மட்டும் சாகும், படிக்கும் டாஸ்க் தொடர்ந்து படித்து, ஆளில்லாத பதிலைக் கீழே போட்டுவிடும். செத்த ஃபியூச்சரில் பதிலை வைக்கப் போனால் இன்வேலிட்ஸ்டேட்எரர் வந்து படிக்கும் டாஸ்க்கே விழுந்துவிடும் என்பதால் டன் ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஹெச்டிடிபி 2இல் ஸ்ட்ரீம் எண் உண்டு, டிஎன்எஸ்ஸில் 16 பிட் எண் உண்டு. ஹெச்டிடிபி 1.1இல் கிடையாது, ரெடிஸ் ப்ரோட்டோகாலின் சாதாரணக் கேள்வி பதிலிலும் கிடையாது. அங்கே வரிசை ஒன்றுதான் ஆதாரம், வரிசை தவறினால் தவறியதுதான்.

மற்ற தொல்லைகள் இதன் முன்னால் சிறியவை. ரைட் செய்துவிட்டு, எழுதியது வெளியே போகும் வரை காத்திருக்கும் டிரெயினை அவெய்ட் செய்யாமல் விட்டால் மெமரி ஏறும். கிரியேட்_டாஸ்க் தரும் டாஸ்கை எங்கும் பிடித்து வைக்காவிட்டால் லூப்பிடம் அதற்கு வலுவற்ற ரெஃபரன்ஸ்தான் உண்டு, அதனால் பைத்தான் அதை மெமரியிலிருந்து நீக்கி, பாதி வழியில் காணாமல் போகலாம். இரண்டுமே ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, ஒரு முறை படித்தால் பழகிவிடும். கேன்சலும் கனெக்‌ஷனும் சேரும் இடத்துக்கு மட்டும் பழக்கம் போதாது, ஒவ்வொரு புதிய ஃபங்ஷனிலும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, நண்பருக்கு என் பதில்: மாற்ற வேண்டாம். உங்களிடம் இருப்பது பத்து இருபது கனெக்‌ஷன், த்ரெட் அதைத் தாராளமாகத் தாங்கும். கெடுவை மட்டும் ஒரு சின்ன கிளாஸில் வைத்து ரெசீவுக்கு ரெசீவ் கழித்துக்கொள்ளுங்கள், போதும். இன்றைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன்.

ஆனால் என் கிளையன்டை த்ரெட்டுக்குத் திருப்பச் சொன்னால் முடியாது என்றுதான் சொல்வேன். அந்த ஒரு வரி டைம்அவுட்டை விட்டுக்கொடுக்க மனம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் ஒரு பொய் சர்வர் எழுதுங்கள். கேள்வி எண்ணைப் பதிலிலேயே வைத்து, பைட் பைட்டாக இடைவெளி விட்டு அனுப்பட்டும். கிளையன்டை ஒவ்வொரு பைட் இடைவெளியிலும் ஒரு முறை கேன்சல் செய்து, அடுத்த கேள்விக்கு அதன் சொந்தப் பதில்தான் வருகிறதா என்று எண்ணைச் சரிபாருங்கள். முதல் பைட்டுக்கு முன்னால் வரும் இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.