ஜெனட் மெக்கர்டியின் சுயசரிதை: வாங்குவதென்றால் அவர் குரலிலேயே வாங்குங்கள்

'ஐ'ம் க்ளாட் மை மாம் டைட்' புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டிப்பாக வாங்குங்கள், ஆனால் ஒலிப்புத்தகமாக வாங்குங்கள். நான் அச்சில் பாதி படித்துவிட்டு அப்புறம் ஆடிபிள் என்கிற ஒலிப்புத்தகச் செயலிக்கு மாறினேன். ஜெனட் மெக்கர்டியே படித்திருக்கிறார், மொத்தம் ஆறரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடிகர்களின் சுயசரிதை என்றாலே யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது, புகைப்படம் பாதி, பெருமை மீதி என்று ஒதுக்குகிற ஆள் நான். இது அந்த ரகம் இல்லை. எழுதத் தெரிந்த ஒருத்தர், எழுத வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட ஒருத்தர், கடைசியில் எழுதிய புத்தகம்.

ஜெனட் யார் என்று தெரியாதவர்களுக்கு: நிக்கலோடியன் என்கிற அமெரிக்கக் குழந்தைகள் சேனலில் 2007 முதல் 2012 வரை ஓடிய 'ஐகார்லி' தொடரில் சாம் பக்கெட்டாக வந்த பெண். யாருக்கும் அடங்காத, எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டே இருக்கிற, கறியும் பொரித்த கோழியும் கண்டால் விடாத பாத்திரம். அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு சாம் என்றாலே கையில் ஒரு சாப்பாட்டுப் பொருள்தான் ஞாபகம் வரும். அந்த வேடத்தில் நடித்த பெண் பதினொரு வயதிலிருந்து கலோரி எண்ணிக்கொண்டிருந்தவர். இது தெரிந்த பிறகு அந்தத் தொடரின் ஒரு காட்சியைக்கூட என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் நிறைய. அம்மா இறந்ததில் எனக்குச் சந்தோஷம் என்று அட்டையிலேயே போட்டால், அதுவும் சாம்பல் கலசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தோடு போட்டால், நம் வீட்டில் யாருக்கும் பொறுக்காது. கவனம் ஈர்க்கத்தான் இப்படி வைத்திருக்கிறார் என்று பேசியவர்களும் உண்டு. உள்ளே போனால் அது அப்படி இல்லை. அம்மாவை இதைவிட நேசித்த ஒரு குழந்தையைப் பற்றி நான் சமீபத்தில் எதுவும் படிக்கவில்லை. அந்த நேசம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால்தான் இந்தத் தலைப்பை எழுத அவர் எவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும் என்று புரியும்.

தொடக்கமே ஆஸ்பத்திரியில். அம்மா டெப்ரா கோமாவில் கிடக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படுக்கை பக்கத்தில் போய், இந்தச் செய்தியைக் கேட்டால் அம்மா கண் திறந்துவிடுவார் என்ற நம்பிக்கையில், தங்களிடம் இருக்கிற பெரிய நல்ல செய்தியைச் சொல்கிறார்கள். அண்ணன்கள் அவரவர் வாழ்க்கைச் செய்தியைச் சொல்லி முடிக்க, ஜெனட் தன் முறை வரும்போது சொல்வது தன் எடை. 89 பவுண்டுக்கு வந்துவிட்டேன் அம்மா என்கிறார். நம் கணக்கில் நாற்பது கிலோ சொச்சம். இருபத்தொரு வயதுப் பெண், அம்மாவை எழுப்ப இதைவிடச் சந்தோஷமான செய்தி இருக்க முடியாது என்று மனசார நம்புகிறார். அந்த ஓரிரு பக்கத்திலேயே இந்தக் குடும்பம் என்னவென்று தெரிந்துவிடுகிறது.

வீடு கலிஃபோர்னியாவில், கார்டன் குரோவ் என்கிற ஊரில், டிஸ்னிலேண்டுக்குப் பக்கம். மார்மன் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், மூன்று அண்ணன்களுக்கு அப்புறம் கடைசிப் பெண், கூடவே தாத்தா பாட்டி, எப்போதும் பணமுடை. அம்மாவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது, படுக்கையறைகளெல்லாம் பொருள் அடைந்து கிடக்க, பிள்ளைகள் கூடத்தில், காஸ்ட்கோ என்கிற பெரிய கடையில் வாங்கிய மடிக்கிற மெத்தைகளில் படுக்கிறார்கள். ஜெனட்டுக்கு இரண்டு வயதிருக்கும்போது அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அதுவும் நான்காம் கட்டம். பிழைத்துக்கொள்கிறார். ஆனால் நோயிலிருந்து மீண்டாரே தவிர அந்தக் கதையிலிருந்து மீளவில்லை. தான் சாகக் கிடந்த காலத்தில் எடுத்த குடும்ப வீடியோ கேசட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார். அதில் யார் எவ்வளவு அழுகிறார்கள், யார் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வரை பேச்சு வரும். அப்படி ஒரு வீட்டில் வளர்கிற பெண், ஆறாவது பிறந்தநாளில் மெழுகுவர்த்தி ஊதும்போது, அம்மா இன்னும் ஒரு வருஷம் உயிரோடு இருக்கணும் என்று வேண்டிக்கொள்கிறாள். பொம்மை கேட்கவில்லை.

டெப்ராவுக்கு நடிகையாக ஆசை, வீட்டில் விடவில்லை. அந்த ஆசையை மகள் தலையில் ஏற்றியது ஆறு வயதில். நடிக்கிறாயா என்று கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும் என்பது அந்த வயதிலேயே குழந்தைக்குத் தெரிகிறது. 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்டாக ஆரம்பித்து, ஆடிஷன் ஆடிஷனாக அலைந்து, சின்னச் சின்ன வேடங்களாக மேலே வருகிறார். கேட்ட மாத்திரத்தில் கண்ணீர் விடத் தெரிந்த குழந்தை என்று பெயர் வாங்குகிறார். அதற்கு அவர் செய்தது, தன் குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது கோரமாக ஆவதாக நினைத்துக்கொள்வது. ஒரு கட்டத்தில் இது பிடிக்கவில்லை அம்மா, வேண்டாம் என்று காரில் சொல்லிப் பார்க்கிறார். அம்மா உடைந்து அழுததும் வாயை மூடிக்கொள்கிறார். நான் ஒலிப்புத்தகத்தை நிறுத்தி வைத்த இடங்களில் அது ஒன்று.

இந்தப் புத்தகம் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்றால், எழுதியிருக்கிற விதம். எல்லாமே நிகழ்காலத்தில் நடக்கிறது. ஆறு வயது ஜெனட் பேசும்போது ஆறு வயதுக்குத் தெரிந்தது மட்டும்தான் இருக்கிறது. முப்பது வயது எழுத்தாளர் குறுக்கே வந்து, இது கொடுமை, இதை யாரும் செய்யக்கூடாது என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. குழந்தைக்கு அம்மா தெய்வம். நமக்கு மட்டும் வயிற்றைப் பிசைகிறது. பதினொரு வயதில் மார்பு வளர்கிறதே, இதை எப்படி நிறுத்துவது, வளர்ந்துவிட்டால் சின்னப் பிள்ளை வேடம் கிடைக்காதே என்று பயந்து அம்மாவிடம் கேட்கிறாள். அம்மா ஒரு ரகசியம் சொல்லித் தருகிறார், கலோரியைக் குறைப்பது. அன்றிலிருந்து இருவரும் ஒரு அணி. அம்மா தட்டில் அளந்து வைக்கிறார், எடை பார்க்கிறார், அளவு நாடாவால் தொடையை அளக்கிறார், அளவு குறைந்தால் பாராட்டுகிறார். அந்தக் குழந்தை அந்த நாட்களை அம்மாவோடு ரொம்ப நெருக்கமாக இருந்த நாட்களாகச் சொல்கிறாள், பெருமையாகச் சொல்கிறாள். டாக்டர் சந்தேகப்பட்டுக் கேட்கும்போது அம்மா சமாளிக்கிறார். பதினாறு வயதில்கூட அம்மாதான் குளிப்பாட்டிவிடுகிறார், புற்றுநோய்க் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி உடம்பைச் சோதிக்கிறார். அதைச் சொல்லும்போதும் குரலில் புகார் இல்லை. அந்த நேரத்தில் மனசு எங்கோ போய்விடும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார்.

பத்து வயது வாக்கில் ஒரு திரைக்கதை எழுதி அம்மாவிடம் ஆசையாகக் காட்டுகிறாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, நடிப்பைவிட எழுத்து பிடிக்குமா என்று சந்தேகத்தோடு பார்க்கிறார், எழுத்தாளர்கள் உடுத்தத் தெரியாதவர்கள், குண்டாகிவிடுவார்கள் என்கிற மாதிரி பேசுகிறார். அந்தப் பேச்சு அந்தக் குழந்தையை எத்தனை வருஷம் பின்னால் தள்ளியது என்பதுதான் எனக்கு இந்தப் புத்தகத்திலேயே பெரிய கோபம்.

அமெரிக்காவில் குழந்தை நடிகர்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சின்னப் பையனாக சாப்ளினோடு 1921-ல் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன், தான் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலரை அம்மாவும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டதாக 1938-ல் வழக்குப் போட்டார். மறு வருஷமே கலிஃபோர்னியாவில் அவர் பெயரில் சட்டம் வந்தது. இன்று சம்பளத்தில் 15 சதவீதம் குழந்தையின் பெயரில் தனிக் கணக்குக்குப் போக வேண்டும், வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு, ஷூட்டிங் தளத்தில் வாத்தியார் வேண்டும். எல்லாம் சரி. ஜெனட்டின் தட்டில் என்ன இருந்தது என்று எந்தச் சட்டம் பார்த்தது? படப்பிடிப்புத் தளத்தில் ஆள் மாற்றி ஆள் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒருவர்கூட உரக்கக் கேட்கவில்லை.

இப்போது ஒலிப்பதிவு பற்றி. ஜெனட் வேகமாகப் படிக்கிறார், சில இடத்தில் மூச்சு விடாமல். ஆங்கிலம் கேட்டுப் பழக்கம் குறைவு என்றால் வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போகாது. அம்மா பேசுகிற வரிகளில் குரல் மாறுகிறது. கொஞ்சல், திடீரென்று ஏறும் ஆவேசம், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய கொஞ்சல். அச்சில் படித்தபோது டெப்ராவை நான் வெறும் கொடுமைக்காரி என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். காதில் கேட்டபோதுதான் அந்தப் பெண் ஏன் அம்மாவை விட்டு விலக முடியவில்லை என்று தெரிந்தது, அந்தக் கொஞ்சலுக்காக நாமும் காத்திருக்க ஆரம்பிக்கிறோம். ஹவாயில் ஒரு ஆணோடு இருக்கிற படங்கள் வெளியானதும் அம்மா அனுப்புகிற மின்னஞ்சலை அவர் குரலில் கேட்க வேண்டும். வாயில் வராத வசவெல்லாம் வசைபாடி, நீ என் மகளே இல்லை என்கிற அளவுக்குப் போய்விட்டு, கடைசியில் வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டது, புதிது வாங்கப் பணம் அனுப்பு என்று முடிகிறது. அவர் அதை எந்த அழுத்தமும் கொடுக்காமல், அப்படியே படித்துவிட்டுப் போகிறார்.

2013 செப்டம்பரில் டெப்ரா இறக்கிறார். புத்தகம் அங்கே 'முன்', 'பின்' என்று இரண்டாகப் பிரிகிறது. பின்பாதியில் புலிமியா (அளவில்லாமல் தின்றுவிட்டு வாந்தி எடுக்கிற நோய்), குடி, சாம் பாத்திரத்தையே வைத்து எடுத்த 'சாம் அண்ட் கேட்' தொடர், உதவி செய்ய வந்த முதல் சிகிச்சையாளர் உங்கள் அம்மா செய்தது கொடுமை என்று சொன்னதும் அவரையே விட்டுவிட்டு ஓடுவது, அப்பா உண்மையில் தன்னைப் பெற்ற அப்பா இல்லை என்று தெரியவருவது என்று அடுத்தடுத்து வருகிறது. தொடர் முடிந்தபோது, நிக்கலோடியனில் நடந்ததைப் பற்றி, குறிப்பாக பெயர் சொல்லாமல் 'படைப்பாளர்' என்று மட்டும் அவர் குறிப்பிடுகிற ஒருவரைப் பற்றி, வெளியே பேசாமல் இருக்க மூன்று லட்சம் டாலர் தருவதாகத் தன்னிடம் பேசப்பட்டது என்றும், தான் மறுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். செய்திகளில் அந்த இடம்தான் பெரிதாக வந்தது. புத்தகத்தில் அது சில பக்கம்தான்.

குறை இல்லாமல் இல்லை. முன்பாதியில் ஒரு அறையை, ஒரு கார்ப் பயணத்தை நின்று நிதானமாகக் காட்டுகிறவர், பின்பாதியில் ஓடுகிறார். மீண்டு வந்த பகுதி எனக்குப் போதவில்லை. எத்தனை முறை விழுந்து எழுந்தார், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று இன்னும் சொல்லியிருக்கலாம். மூன்று அண்ணன்களும் நிழலாகவே நிற்கிறார்கள், அதே வீட்டில் வளர்ந்த அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. நாஷ்வில் நகரத்தில், 'கன்ட்ரி' என்கிற அமெரிக்க இசைவகையில் பாடகியாக அவரை ஆக்கப் பார்த்த பகுதியும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 'சாம் அண்ட் கேட்'டில் கூட நடித்த பாடகி அரியானா கிராண்டே பற்றிய வம்புக்காக வாங்குகிறவர்களும் ஏமாறுவார்கள். அவருக்கு வெளியே பாடப் போக அனுமதி கிடைத்தது, தனக்கு வேறு பட வாய்ப்புக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை என்ற எரிச்சலை ஒளிக்காமல் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டோடு போராடிக்கொண்டிருக்கிறவர்கள், அல்லது வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறவர்கள், இதைத் தனியாக உட்கார்ந்து கேட்காதீர்கள். எடை, கலோரி, வாந்தி எடுக்கிற விவரம் எல்லாம் எண்ணோடும் விவரத்தோடும் வருகிறது. குணமாகிவரும் ஒருவருக்கு அந்த எண்களே போதும், திரும்ப இழுத்துவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு, 'ஐகார்லி' பார்த்த ஆசையில் கேட்கிறார்கள் என்று, நீங்கள் முதலில் கேட்காமல் வாங்கித் தராதீர்கள்.

மற்றபடி, 91 சின்னச் சின்ன அத்தியாயம், சிலது இரண்டு மூன்று பக்கம்தான், பஸ்ஸில் போகிறபோது ஒன்றிரண்டு முடித்துவிடலாம். ஆங்கிலமும் எளிது, அகராதி தேவைப்படாது. 2022 ஆகஸ்டில் வெளிவந்த முதல் வாரத்திலேயே இரண்டு லட்சம் பிரதி போனது, ஆனால் விற்பனைக்காக நான் இதைச் சொல்லவில்லை. ஜெனிஃபர் ஆனிஸ்டன் அம்மாவாக நடிக்கும் தொடர் ஆப்பிள் டிவிக்கு எடுக்கப்படுவதாக 2025-ல் அறிவித்துவிட்டார்கள். தொடரில் கேமரா அம்மாவின் முகத்தையும் காட்டும், மற்றவர்கள் முகத்தையும் காட்டும். இங்கே அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது மட்டும்தான் நமக்கும் தெரிகிறது. அதனால் தொடர் வருவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள், முடிந்தால் முதல் பாதியை ஒரே மூச்சில்.